பதினோராம் நம்பர் சப்பாத்து

அறுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு சப்பாத்துக் கடையில் எட்டு மாதம் வேலை செய்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கு முன் லொறியில் கிளீனராக இருந்தேன், நிலாவெளியில் உப்பு அள்ளினேன், துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் நின்றதில்லை. கடை வேலை கிடைத்ததும் வெயிலில் நிற்கத் தேவையில்லை, வெள்ளைச் சேட்டுப் போடலாம் என்பதே பெரிய விஷயமாகப் பட்டது. அந்தச் சேட்டு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. வருகிறவரைக் கதிரையில் இருத்தி, நாங்கள் முன்னால் குட்டி முக்காலியில் இருந்து, அவர் காலைப் பிடித்து மரச்சட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். பிறகு மேஸ் என்கிற காலுறையைப் போட்டு, சப்பாத்தை மாட்டி, லேஸ் கட்டி, நாலடி நடக்கச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். நான் ஆள் பார்த்துச் செய்தேன்.

ஒரு நாள் காலை துறைமுகக் கந்தோர் அதிகாரி ஒருவர் வந்து ஏழு சோடி போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். ஏழு தரமும் சலிக்காமல் லேஸ் கட்டினேன். அவர் போய்ச் சிறிது நேரத்தில் ஒரு மீன்பிடிகாரர் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். சாரம், தோளில் ஒரு துண்டு, காலில் ஒன்றுமில்லை. குதிகால் உப்புத் தண்ணீரில் வெடித்திருந்தது. விரல்கள் விசிறி போல விரிந்திருந்தன. முதலாளி அந்த நேரம் கடையில் இல்லை.

மகளுக்கு வருகிற புதன்கிழமை கலியாணம் என்றார். வாழ்க்கையில் சப்பாத்துப் போட்டதில்லையாம்.

"மாப்பிள்ளை பகுதி கச்சேரியில உத்தியோகம் பார்க்கிற ஆக்கள், தம்பி. மாதா கோயிலுக்குள்ள பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நான்தான் போகவேணும். என்னால அவளுக்கு ஒரு வெட்கம் வரக்கூடாது" என்றார்.

காலைக் கழுவத் தண்ணீர் இருக்குமா, புதுச் சப்பாத்து ஊத்தையாகிவிடும் என்று கேட்டார். பின்பக்கம் கிணறு இருந்தது. நான் வீதிக் குழாயைக் காட்டினேன். போய்க் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார். வருவதற்குள் காலில் திரும்பவும் புழுதி. அதைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டு வாசலிலேயே நின்றார்.

அந்தக் காலைப் பிடித்து அளக்க எனக்கு மனம் வரவில்லை. மேசையில் கிடந்த ஒன்பதாம் நம்பர் சோடியை எடுத்து அவருக்கு முன்னால் நிலத்தில் போட்டேன். "போட்டுப் பாரும். தோல் மடிஞ்சால் நீர்தான் காசு குடுத்து எடுக்கவேணும்" என்றேன். என் தகப்பன் வயதுக்காரரை 'நீர்' என்று கூப்பிட்டேன். அவர் பயந்து, நுனிக்காலை மட்டும் விட்டுப் பார்த்தார். "கொஞ்சம் இறுக்கம் போல கிடக்கு" என்று மெல்லச் சொன்னார். தோல்தானே, போடப் போட இளகும் என்றேன்.

கடையின் மேல்தட்டில் பதினோராம் நம்பர் இருந்தது எனக்குத் தெரியும். வெள்ளைக்காரக் கடற்படை போன பிறகு யாரும் கேட்காமல் கிடந்த அகலமான சப்பாத்துகள். ஏணி வைத்து ஏறி, தூசி தட்டி எடுக்க வேண்டும். நான் ஏறவில்லை. அவர் கும்பிடாத குறையாகப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

நான் தங்கியிருந்த அறையில் கூட இருந்தவன் வாடகைக் கார் ஓட்டினான். புதன்கிழமை எங்கள் கடைக்கு அரைநாள். பாலையூற்றில் ஒரு கலியாண ஓட்டம் இருக்கிறது, நல்ல சாப்பாடு கிடைக்கும், வா என்றான். அந்த நாட்களில் எனக்கு ஒரு நேரச் சாப்பாடுதான். யாருடைய கலியாணம் என்றுகூடக் கேட்காமல் ஏறினேன். பெண் வீட்டு முற்றத்தில் கார் நின்றபோது, மகளோடு அந்த மீன்பிடிகாரர் வெளியே வந்தார். முன் ஆசனத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

கோயிலில் நாங்கள் கடைசி வாங்கு வரிசையில் நின்றோம். அவர் இரவல் கோட்டும் அந்தச் சப்பாத்துமாக மகளின் கையைப் பிடித்து உள்ளே வந்தார். ஒவ்வொரு அடிக்கும் முகம் கோணியது. மகள் தன் நடையைக் குறைத்துப் பார்த்தாள். முன்பக்கம் யாரோ சிரித்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் வரும்போது அவரால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. நின்றுவிட்டார்.

"அப்பா, கழட்டுங்கோ."

"வேண்டாம் பிள்ளை. ஆக்கள் பார்க்கினம்."

"பார்க்கட்டும்" என்றாள்.

பூச்செண்டைத் தகப்பன் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளை உடுப்போடு அப்படியே நிலத்தில் முழங்காலிட்டாள். ஜெபம் செய்கிறாள் என்று சிலர் நினைத்திருப்பார்கள். அவர் காலைப் பிடித்து, லேஸை அவிழ்த்து, சப்பாத்தை மெதுவாக இழுத்தாள். மேஸ் குதிகாலில் சிவப்பாக ஒட்டியிருந்தது. இரண்டு கால் மேஸையும் சப்பாத்தையும் கழற்றி எங்களுக்கு முன்னிருந்த வாங்கின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெறும் காலோடு நடந்து போனார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சாப்பிடாமல் ஓடிவிட நினைத்தேன். கார் இல்லாமல் எப்படிப் போவது? அதைவிட, பசி. பந்தியில் இருந்தேன். குதிகாலில் துணி சுற்றிக்கொண்டு அவரே சோறு பரிமாறி வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம், "இந்தத் தம்பிதான் எனக்குச் சப்பாத்து எடுத்துத் தந்தவர்" என்றார். ஒருவர் என்னைப் பார்த்து, "ஆளைக் கொல்லுற சப்பாத்தோ விக்கிறியள்?" என்று பகிடியாகக் கேட்டார். பெண்ணின் தகப்பன் உடனே மறித்தார்.

"சீ, அவரில பிழையில்லை. நல்ல சப்பாத்துத்தான். என்ர கால்தான் சரியில்லாத கால், அதுக்குச் சப்பாத்துப் போட ஏலாது. தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டோ?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்கள் காலுக்குச் சப்பாத்து இருந்தது, நான்தான் எடுத்துத் தரவில்லை என்று ஒரு வசனம். நான் "ஓம்" என்றேன். சோற்றுக்கு. அவர் வைத்தார், நான் சாப்பிட்டேன்.

மேல்தட்டிலிருந்து ஒரு சோடியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் யோசித்தேன். போகவில்லை. அந்த மாத முடிவில் வழக்கம்போல வேலையை விட்டு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினேன். அதன் பிறகும் இரண்டு மூன்று கடைகளில் நின்றிருக்கிறேன். நல்லவனாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. சில நாள் அலுப்பில் முகம் சுளித்துமிருக்கிறேன். ஆனால் யாருக்கும் அளவு பார்க்காமல் ஒரு பொருளைக் கட்டிக் கொடுத்ததில்லை. அவருடைய குதிகாலில் நான் வைத்த புண் ஒரு கிழமையில் ஆறியிருக்கும். தன்னுடைய கால்தான் பிழை என்று அவர் கடைசிவரை நம்பியிருப்பாரே, அதுதான் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.