நாள் தெரியாமல் காத்திருந்த கிறிஸ்டி அக்கா

சென்ற வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து, ஓமானில் எங்கள் சோஹார் ஆலய வளாகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "அம்மா இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்" என்று கிறிஸ்டி அக்காவின் மகள் நாகர்கோவிலிலிருந்து எங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். பக்கத்தில் நின்ற செல்வின் அதைப் படித்துவிட்டு, கோப்பையை மதில்மேல் வைத்தான். கார்களுக்கு நடுவே நடந்து போனான்.

இருபத்திரண்டு வருடம் இங்கே நர்ஸாக இருந்த அக்கா, ஓய்வுபெற்று ஊருக்குப் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் உங்களில் பலர். நான் அவரை அறிந்தது வேறு விதத்தில்.

என் தம்பி தூத்துக்குடியில் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அது. லீவில் போய்வந்து, துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலையில் மறுபடி சேர்ந்திருந்தேன். அப்போது ஒரு பிரசங்கியார் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். அடுத்த ஈஸ்டருக்குள் இயேசு வந்துவிடுவார், இங்கே இருக்கும் ஒருவரும் மரணத்தைக் காண்பதில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன். பின்னாலேயே அக்கா வந்தார்.

"என்ன தம்பி, பாதியில எந்திரிச்சு வந்துட்ட?"

"உயிரோட இருக்கவனக் கூட்டிட்டுப் போவாராம்க்கா. ஆறு மாசம் முந்திச் செத்தவன் என்ன பாவம் பண்ணுனான்?"

அக்கா படியில் உட்கார்ந்து, வேதாகமத்தில் தெசலோனிக்கே சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தைத் திறந்தார். "அவங்களும் இதத்தான் கேட்டிருக்காங்க, பாரு. இன்னைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு காத்துக்கெடந்த சபை. அதுக்குள்ள வீட்டுல சாவு விழுந்துட்டு. செத்தவங்க கதி என்னன்னு பதறிட்டாங்க. செத்தவங்கதான் முதல்ல எழும்புவாங்க, நாம பெறவுதான்னு பவுல் பதில் சொல்லுதாரு."

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று கூசிப்போயிருந்தேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே யாரோ அழுதுகொண்டு அதைக் கேட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வெல்டரான செல்வினை அந்தப் பிரசங்கம் வேறு மாதிரிப் பிடித்துக்கொண்டது. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கம்பெனி கேம்ப் ரூமில் முழங்காலிட்டு ஜெபத்தில் இருந்துவிட்டான். ஊரிலிருந்து அவன் மனைவி அக்காவுக்கு போன் போட்டு அழுதாள். காலை டூட்டி முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அக்கா என் காரில் ஏறினார்.

"லேய் செல்வின், வெல்டிங் முகமூடியோட நின்னா கர்த்தருக்கு ஒன்ன அடையாளம் தெரியாதா?"

"உலகக் காரியத்தப் பாக்கச் சொல்லுதீங்களாக்கா?"

"நான் எங்க சொன்னேன்? பவுல் காலத்துலயும் சில பேரு வேலையப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. ஒழுங்கா வேலை செஞ்சு சாப்பிடுங்கன்னு அவங்களுக்கும் கடிதாசி போச்சு. ஒன் வீட்டுக்காரிக்கு இது ஏழாம் மாசம். அவ தினமும் அழுதா."

மறுநாள் செல்வின் சூப்பர்வைசரிடம் போய் நின்றான். ராஜினாமாக் கடிதம் இன்னும் மேலே போகவில்லை; வேலை பிழைத்தது.

ஈஸ்டர் வந்தது, போனது. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேர் செல்வினைப் பார்த்து, "இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அக்கா எழுந்தார். "எதிர்பாத்தவனப் பாத்துச் சிரிக்காதீங்க. தான் உயிரோட இருக்கும்போதே வந்துருவாருன்னு பவுலே நெனச்சிருந்தாரு."

மூப்பர் ஒருவர், "வேதத்துக்கு விரோதமாப் பேசாதம்மா" என்றார்.

"வேதத்துல இருக்கறதத்தான் சொல்லுதேன் ஐயா. உயிரோட இருக்கப்போற நாம-ன்னு தன்னையும் சேத்துத்தான் எழுதுதாரு."

"அப்ப பவுலும் அந்தச் சபையும் ஏமாந்துட்டாங்களாக்கா?" என்று கேட்டேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நாள் விஷயத்துல தப்பிட்டுன்னுதான் எனக்குத் தோணுது. ஏன் இன்னும் வரலன்னு எனக்குத் தெரியாது தம்பி. ஆனா வரலன்னு அவங்க ஒருத்தர ஒருத்தர் விட்டுட்டுப் போகல. கூடிச் சாப்பிட்ட பந்தியக் கலைக்கல. அதனாலதான் நாம இங்க உக்காந்திருக்கோம்."

அன்று சிலர் அவரிடம் பேசாமல் போனார்கள். ஒருவர் சில மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. அவர் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி கொண்டுபோனது அக்காதான்.

போன மாதம் போனில் பேசினேன். புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்குத்தான் பயம். நர்சிங் படிக்கையில, நான் சாகாமலே அவரப் பாத்துருவேன்னு நெனச்சிருந்தேன். இல்லபோல. பவுலுக்கும் இல்லதான." சிரித்தார், சிரிப்பு இருமலானது. பிறகு, "செல்வின் மவளுக்கு அஞ்சு வயசு ஊசி போட்டாச்சா? கேட்டுச் சொல்லு" என்றார்.

இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள், இயேசு எப்போது வருவார் என்று அடிக்கடி கேட்கிறாள். முன்பெல்லாம் சீக்கிரம் என்பேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரியும். இந்த வாரம், தெரியாது என்றேன். அப்படியானால் ஏன் காத்திருக்கிறோம் என்றாள். பக்கத்தில் உட்காரச் சொல்லி, எனக்குத் தெரிந்தவரை சொல்ல ஆரம்பித்தேன். அந்தத் தைரியம் கிறிஸ்டி அக்கா எனக்கு விட்டுப்போனது.