அட்டையில் எழுதிய நூற்றிருபது வார்த்தைகள்

அம்மா பாங்கு வேலைக்கு எப்படிப் போனாள் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவளைக் கேட்டால், "படிச்சேன், பாஸ் பண்ணேன், போனேன்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாள். நடந்தது அவ்வளவு சுருக்கம் இல்லை. நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அந்த வருஷம் பெரியவளுக்கு நாலு வயது, சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அம்மா தபாலில் பி.காம். முடித்திருந்தாள். பாங்கு கிளார்க் பரீட்சையை ஏற்கெனவே இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் நல்ல மார்க் வாங்கியும் இங்கிலீஷில் தவறிவிட்டாள். அந்தப் பரீட்சைக்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். அதை விட்டால் அப்புறம் மனுப் போடவே முடியாது.

இங்கிலீஷிலும் அவளுக்கு இலக்கணம் வந்துவிடும். வார்த்தைகள்தான் தகராறு. யாரும் பேச்சில் சொல்லாத, பேப்பரில்கூட எப்போதாவது வருகிற வார்த்தைகளாகப் பார்த்துக் கேட்பார்கள். பழைய கேள்விகளில் இருந்து பொறுக்கி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். காலையில் படித்தால் சாயங்காலம் பாதி இருக்காது. சின்னவனைத் தூக்கிக்கொண்டு, சோறு வடித்துக்கொண்டு, நான் தறியில் சேலை நெய்ய, குறுக்கே ஓடுகிற ஊடைப்பட்டைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டு, நோட்டைக் கையில் எடுக்கவே நேரம் இல்லை.

நோட்டை எடுக்க முடியாவிட்டால் என்ன, தறியில் எழுதிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது.

நம் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது அல்லவா, அதில் மாலை மாதிரி கோத்துத் தொங்குகிற அட்டைகளைப் பார்த்திருக்கிறீர்கள். அட்டையில் இருக்கிற ஓட்டைதான் பார்டரில் பூவாகவும் மயிலாகவும் விழுகிறது. நான் ஒரு மிதி மிதித்தால் ஒரு அட்டை நகரும். அப்போது போட்டிருந்த மயில் பார்டருக்கு நூற்றிருபது அட்டை. ஒவ்வொன்றின் ஓரத்திலும், ஓட்டை இல்லாத இடத்தில், வரிசை எண் போட்டிருக்கும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு வார்த்தை எழுதினேன். அவள் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக இறக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

திங்கட்கிழமையில் இருந்து நான் மிதிப்பேன், அட்டை வரும், வார்த்தையைப் படிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுகிற அவள் அர்த்தம் சொல்லுவாள். நூற்றிருபது முடிந்ததும் மறுபடியும் ஒன்றில் இருந்து வரும். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாவும் பட்டும் அட்டையும் கொடுக்கிற முதலாளி ஒரு நாள் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது, என் மயிலு இங்கிலீஷ் படிச்சிகினு கீதா?"

"ஓட்டை மேல படல, முதலாளி. டிசைனுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆவாதுதான். மயிலு மட்டும் பாஸ் ஆயி பாங்குக்குப் போயிட்டா, எனக்கு பார்டர் யாரு போடுறது?"

சிரித்துவிட்டுப் போனார். ஒன்றும் திட்டவில்லை.

ஒரே மாதத்தில் உங்கள் அம்மா தடங்கல் இல்லாமல் நூற்றிருபதும் சொன்னாள். நானும் சொன்னேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில்கூட இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் போனில் மாதிரித் தேர்வு போட்டுப் பார்த்தாள். முப்பது கேள்வி, இருபது நிமிஷம். உள்ளே இருந்து வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்ததும் மிதியை நிறுத்திவிட்டேன்.

"இன்னாம்மா?"

"பதினோரு கேள்விதாங்க போட்டேன். டைம் முடிஞ்சிடுச்சி."

"வார்த்தை வரலியா?"

"வந்துச்சி. எல்லாம் நம்ம அட்டையில இருக்கிறதுதான். ஆனா நடுவுல இருந்து ஒண்ணைக் கேட்டா, எனக்கு மொத அட்டையில இருந்து ஓடி வந்தாதான் அர்த்தம் வருது. எழுபத்தி ரெண்டாவது வார்த்தைக்கு எழுபத்தி ஒண்ணையும் சொல்லிகினு வரேன். அங்க அதுக்கா நேரம் கொடுக்கிறாங்க?"

நான் நம்பவில்லை. நோட்டை வாங்கி என்னை நானே கேட்டுப் பார்த்தேன். எனக்கும் அதே கதிதான். பார்டர் மாதிரியே வார்த்தையும் வரிசையாக ஓடினால்தான் வந்தது. மாதம் முழுக்க நாங்கள் மனப்பாடம் செய்தது வரிசையைத்தான். அந்தத் தப்பு என்னுடையது. பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

அவள் சொன்னாள்: "விடுங்க. மூணாவது தடவையும் தோத்துட்டு வந்தா எங்க அண்ணன் வாயில விழ முடியாது. நான் எழுதல."

"எழுதற."

"நான் சொல்றது உங்க காதுல விழுதா?"

"விழுது. நீ எழுதற."

இரண்டு நாள் நான் அட்டையில் வந்த வார்த்தையைப் படிக்காமல் நெய்தேன்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். கறிவேப்பிலையைக் கையில் வாங்கியபடியே நின்று, மருமகள், ரேஷன் கடை, முழங்கால் வலி, மறுபடியும் மருமகள் என்று முக்கால் மணி நேரம் பேசினாள். நடுவில் நாங்கள் ஒரு வார்த்தை பேச இடம் இல்லை. அவள் போனதும் உங்கள் அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே, "கேருலஸ்" என்றாள். ஓயாமல் பேசுகிற ஆள் என்று அர்த்தம்.

நான் திரும்பிப் பார்த்தேன். "அது எத்தனாவது அட்டை?"

"தெரியல." அவளுக்கே ஆச்சரியம். "எண்ணே வரலீங்க. அக்கா மூஞ்சிதான் வந்துச்சி."

அன்றைக்கே அட்டை வரிசையை விட்டுவிட்டோம். ஒவ்வொரு வார்த்தைக்கும் தெரிந்த ஆள் ஒருவரைத் தேட ஆரம்பித்தோம். தறியில் பாவு இழைகளைப் பிணைக்க வருகிற பெண் ஒரு இழை விடாமல் சரிபார்ப்பாள். அவள் மெட்டிகுலஸ். நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று நாலு மாதமாக ஜன்னல் கதவைச் சரிசெய்யாத ஆசாரி புரோக்ராஸ்டினேட். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற என் தம்பி கல்லிபிள். முதலாளி தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிற சிக்கனக்காரர், அவர் ஃப்ரூகல். ஆள் கிடைக்காத வார்த்தைக்கு ஏதாவது பொருளைப் பிடித்தோம். வாசலில் போட்ட கோலத்தைப் பத்து நிமிஷத்தில் பைக்கில் வந்தவன் அழித்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரமே இருப்பது என்று பொருள் தருகிற எஃபெமரலுக்கு அந்தக் கோலம்.

தெருவில் யார் நடந்தாலும் எங்களுக்கு இங்கிலீஷ் நடந்தது. வெளியில் சொல்லக் கூடாது என்று பேச்சு. ஆனால் பெரியவளே, உன் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் முதலாளி செருப்பைக் கழற்றும்போதே நீ ஓடி வந்து, "அப்பா, ஃப்ரூகல் தாத்தா வந்துட்டாரு!" என்றாய்.

நான் தறியில் இருந்து எழுந்து வந்து உன் வாயைப் பொத்தினேன்.

"இன்னாப்பா சொல்லுது கொழந்த?"

"அது... சிக்கனமானவர்னு அர்த்தம், முதலாளி."

அவர் குனிந்தார். "சரியாத்தான சொல்லுது?" என்று உன் கன்னத்தைத் தட்டினார். அதற்கப்புறம் அவரே வாசலில் நின்று, "ஃப்ரூகல் வந்துக்கிறேன்" என்று குரல் கொடுப்பார்.

"எனக்கு எந்த வார்த்தை வெச்சிருக்க?" என்று அம்மாவைக் கேட்டேன். சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்றாள்.

பரீட்சை வேலூரில். நாலு பேரும்தான் போனோம். அவள் உள்ளே போனதும் நான் உங்கள் இரண்டு பேருக்கும் பன் வாங்கிக் கொடுத்து, காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். சின்னவன் பாதி பன்னை மண்ணுக்குக் கொடுத்தான். அவள் எழுதமாட்டேன் என்று சொன்னபோது விட்டிருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

வெளியே வந்தாள். நான் கேட்கும் முன்பே சொன்னாள்.

"இங்கிலீஷ் டைமுக்கு முன்னாடியே முடிச்சிட்டேன். நம்ம வார்த்தை அஞ்சு வந்துச்சி. அக்கா வந்துச்சி, ஆசாரி வந்தாரு."

"அப்புறம்?"

"நீங்க வந்தீங்க. ஆப்ஸ்டினேட்."

"அப்படின்னா?"

"நூத்தி நாலாவது அட்டைங்க. ஒரு மாசம் தினமும் படிச்சீங்களே."

மனசுக்குள் ஒன்றாவது அட்டையில் இருந்து ஓடினேன். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் நூற்றி நாலுக்கு வந்துவிட்டேன். சொன்ன சொல்லை விடாத பிடிவாதக்காரன்.

அதில் தேறினாள். அடுத்த கட்டப் பரீட்சையும் எழுதினாள், அதிலும் தேறினாள். மற்றது உங்களுக்கே தெரியும். காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போளூர் பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.

அந்த மயில் பார்டர் சேலைகள் முடிந்ததும் அட்டைகள் முதலாளிக்குப் போய்விட்டன. போன மாதம் பக்கத்துத் தெருவில் நெய்கிற ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் தறிக்கு அந்த அட்டைதான் ஏறியிருக்கிறதாம்.

"அண்ணா, நீங்க எழுதினதாமே. தெனம் கண்ணுல பட்டுகினே இருக்குது. அர்த்தம் தெரியாம பேஜாரா இருக்குது."

"எது?"

"எல்லாமே."

ஒன்றில் இருந்து ஆரம்பித்தேன். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது.