நூறு வீதச் சித்தியில் நான் சேர்ந்த கதை

என்னை எந்த நிறுவனத்தில் மருந்தாளர் படிப்புக்குச் சேர்ப்பது என்று தீர்மானிக்க அப்பா எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு கலியாணத்தையே ஒப்பேற்றியிருக்கலாம். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு விசாரிக்கவில்லை. அத்தானைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

உயர்தரச் சோதனையில் நான் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். செத்தவீட்டுக்கு வருவது போல ஆட்கள் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அவ்வளவு துக்கம் இல்லை. அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்துப் பாமசியில் அம்மாவின் பிரஷர் குளிசை வாங்கப் போகும்போதெல்லாம், டொக்டரின் கோழிக்கிறுக்கலை ஒரே பார்வையில் வாசித்துவிடும் அந்த மருந்தாளர் அக்காவை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருடையதைப் போல என் பெயரிலும் ஒரு பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கவேண்டும். அதற்கு ஒரு தனியார் நிறுவனத்தில் படித்து, அரசாங்கத்தின் பதிவுச் சோதனையில் சித்தியடைய வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

யாழ்ப்பாண நகரத்தில் எங்களுக்குத் தெரிந்து இரண்டு நிறுவனங்கள் இருந்தன. ஒன்றின் மதிலில் ஆளுயரப் பனர். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் வரிசையாகச் சிரிக்க, மேலே "நூறு வீதம் சித்தி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மற்றதன் வாசலில் பெயர்ப்பலகை மட்டும், அதிலும் ஒரு பக்கம் துருவேறிக் கறள். உள்ளே போய்க் கேட்டபோது, அதை நடத்துகிற ரீச்சர் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"பாதிப்பேர் முதல்தரத்திலை பாஸ் பண்ணுவினம் ஐயா. மிச்சப்பேர் ரண்டாந்தரம், மூண்டாந்தரம் எடுப்பினம்."

படிப்பு விற்கிறவர் இப்படி உண்மை பேசினால் உருப்படுவாரா? அப்பா ஒரு செருப்பை மாட்டி, மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

ஆனாலும் பனரை மட்டும் நம்பி முடிவெடுக்க அவர் என்ன பேயனா? ஓய்வுபெற்ற விதானையார், ஊருக்கு அரசாங்க அலுவலராக இருந்தவர். ஊரில் பாதிப்பேருக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்த கை. மாப்பிள்ளை குடிகாரனா என்று மாப்பிள்ளையின் தாயிடம் கேட்பதில்லை, சந்தித் தேத்தண்ணிக்கடையில்தான் கேட்பது. அந்த முறைப்படியே பனர் நிறுவனத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக்கடையில் என்னையும் இருத்திவைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"தம்பி, பாஸோ பெயிலோ எண்டு சோதனை மறுமொழி வாற நாளிலை உந்தப் பிள்ளையள் ஆரும் அழுதுகொண்டு வெளியிலை வாறவையோ?"

"இல்லை ஐயா. நான் கடை போட்ட நாளிலை இருந்து அப்பிடி ஒருத்தரையும் காணேல்லை. கேக் வெட்டி எங்களுக்கும் கொண்டுவந்து தருவினம்."

மற்ற நிறுவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சலூன். அப்பா தேவையே இல்லாமல் அங்கே முகச்சவரம் செய்துகொண்டார். "அதை ஏன் கேக்கிறியள் ஐயா" என்றாராம் சலூன்காரர். "அண்டைக்குப் பாதிப்பேர் சிரிப்பு, பாதிப்பேர் அழுகை. கலியாணவீடும் செத்தவீடும் ஒரே பந்தலுக்கை நடந்தமாதிரி."

விசாரணை முடிந்தது. அழுகைச் சத்தம் கேட்காத நிறுவனத்தில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

படிப்பில் குறை சொல்லமாட்டேன். இரண்டு வருடம் விடியப் பஸ் பிடித்து ஓடினேன். பதிவுச் சோதனைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்ததும் நிறுவனம் தானே ஒரு மாதிரிச் சோதனை வைத்தது. அடுத்த கிழமை, அதில் புள்ளி குறைந்த எங்கள் ஐந்துபேரை நிர்வாகி தன் அறைக்குக் கூப்பிட்டார். அறையில் ஏசி, முகத்தில் கருணை.

"நீங்கள் கெட்டிக்காரி பிள்ளை. ஆனா இந்தமுறை வேண்டாம். அடுத்தமுறை பாப்பம்."

"சேர், நான் எடுத்துப் பாக்கிறனே. பெயில் விட்டாலும் அது என்ரை பெயில்தானே?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. எங்கடை வீதம் எண்டு ஒண்டு இருக்கெல்லே."

படித்து முடித்ததற்கான கடிதத்தை நிறுவனம் தராமல் விண்ணப்பிக்க முடியாது. கடிதம் அவருடைய மேசை லாச்சிக்குள் இருந்தது. மறுமொழி நாளில் அங்கே யாரும் ஏன் அழுவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழவேண்டியவர்களை பல மாதங்களுக்கு முன்னரே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊரெல்லாம் விசாரித்த விதானையார், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சோதனை மண்டபத்துக்குள் போனார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், கோப்பாயில் தொடங்கிய என் அழுகை நீர்வேலி தாண்டியும் நிற்கவில்லை. கொண்டக்டர் மிச்சக்காசு தரவும் பயந்தார்.

அடுத்தமுறையும் "அடுத்தமுறை பாப்பம்" என்றார்கள். அப்பா இரண்டு நாள் தேத்தண்ணிக்கடைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மோட்டார்சைக்கிளை எடுத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரீச்சரிடம் போனார். இந்தமுறை இரண்டு செருப்பையும் ஒழுங்காகக் கழற்றிவைத்துவிட்டு, அவர் இருக்கச் சொல்லும்வரை நின்றார்.

"சோதனை எடுக்கிறதை ஆரும் மறிக்கேலாது பிள்ளை" என்றார் ரீச்சர். "இஞ்சை கொஞ்சநாள் படியுங்கோ, கடிதம் நான் தாறன்."

தந்தார். எடுத்தேன். தவறினேன். என் சுட்டெண்ணுக்கு எதிரே "சித்தியடையவில்லை" என்று இருந்தது. விக்கி விக்கி அழுதேன். ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு கணக்கிலாவது என்னைச் சேர்த்துவிட்டார்களே. அடுத்ததரம் சித்தி.

இப்போது நான் உடுப்பிட்டியில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பனர் நிறுவனத்தின் நிர்வாகி என் கைபேசிக்கு அழைத்தார். குரலில் தேன் வடிந்தது.

"பிள்ளை, எங்கடை மாணவி எண்டு எங்களுக்கு எவ்வளவு பெருமை! வெள்ளைக் கோட்டோடை ஒரு படம் அனுப்புங்கோ. புதுப் பனர் அடிக்கிறம்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஒரு வருடம் என்னை வாசலில் மறித்துவைத்த ஆள்! ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. கடையில் ஆட்கள் நின்றார்கள்.

"சேர், நான் முதல்தரம் பெயில். ரண்டாந்தரம்தான் பாஸ். என்ரை வீதம் அம்பது. உங்கடை பனருக்குச் சரிவராதே?"

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அதுக்கென்ன பிள்ளை, முதல்தரத்தை நாங்கள் எண்ணமாட்டம்."