காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை நன்கு அறிந்தவர்கள். அதனால் அவர் குடித்தார் என்பதை மறைத்து எழுதி யாரையும் ஏமாற்றப் போவதில்லை.

மணவூரில் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா இறந்த பிறகு கே.ஜி.கண்டிகையில் ஆட்டோ ஓட்டி என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். முருகன் மலைக்கு வரும் முதியவர்களைக் கைத்தாங்கலாக இறக்கிவிடுவார். தெலுங்குக்காரர்கள் ஏறினால் வழி முழுக்கத் தெலுங்கில் கேலிதான். கோபக்காரர், என்னிடம் மட்டும் அந்தக் கோபம் செல்லாது.

இடையில் ஒரு காலம் அவருக்குச் சிரிப்பு நின்றுபோனது. சவாரிக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். காலையிலேயே குடித்தார். மனம் சோர்ந்ததால் குடித்தாரா, குடித்ததால் சோர்ந்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

அதைக் கேட்டு அறிவதுதான் என் வேலை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. குடிப்பழக்கத்தையும் மனநோயையும் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவள் நான். 'குடியை நிறுத்தினால் கை நடுங்குகிறதா? இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிகிறதா?' என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டு எழுதிக்கொள்வேன். ஆமாம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மட்டும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு அண்ணன் புஷ்பக் காவடி எடுப்பார் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். அண்ணனும் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டி உடுத்தி, அன்றே குடியை அடியோடு விட்டார். எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவள் நான்தான்.

மூன்றாம் நாள் காலை அவருக்கு உடம்பு உதறியது. வேர்த்துக் கொட்டியது. வெறும் கதவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாப்பா, மலையிலேர்ந்து எறங்கி வந்துகினு கீறாங்க பாரு. வழி வுடு."

"அவனுக்கு சாமி வந்துகினு கீது. கற்பூரம் ஏத்தும்மா," என்றார் அம்மா.

ஏற்றினேன். அண்ணனின் நெற்றியில் விபூதியும் இட்டேன். காப்புக் கட்டியவர் நடுங்கினால் எங்கள் ஊரில் யாரும் வேறொன்றை நினைப்பதில்லை. பக்கத்து வீட்டினர் வந்து அவரிடம் குறிகூடக் கேட்டார்கள். ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நண்பகலில் வலிப்பு வந்தபோதுதான் உறைத்தது. அவருடைய ஆட்டோவை நண்பர் ஒருவர் ஓட்ட, அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"குடிய நிறுத்தி எத்தினி நாளாச்சும்மா?" என்று மருத்துவமனையில் கேட்டார்கள். ஊரெல்லாம் நான் கேட்ட கேள்வி அது. அன்று மாலை அண்ணன் போய்விட்டார்.

ஆட்டோ நண்பர்களுக்கும், காரியங்களில் தோள்கொடுத்த மணவூர் உறவினர்களுக்கும், வேலையே வேண்டாம் என்று அழுத என்னை விட்டுவிடாத ஆராய்ச்சிக் குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விரதத்துக்காக யாராவது திடீரென்று குடியை நிறுத்தினால், தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகனை முருகனே வந்து கூட்டிப்போனதாக நம்பித்தான் அவர் இரண்டு வாய் சாப்பிடுகிறார். இந்த மலரை உங்களிடம் நீட்டிப் படித்துக் காட்டச் சொல்வார். ஆட்டோ ஓட்டி என்னைப் படிக்கவைத்தது வரை படியுங்கள். அதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை என்று சொல்லிவிடுங்கள்.