பின்சீட்டில் மெக்கானிக்

கோலார் போகிற வழியில் பைக்கின் முன்பிரேக் பிடிக்காமல் போய், ஜோகுபாளையத்தில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் நிற்கிறேன். கடைக்கார இளைஞன் காதில் பாட்டு ஓட, சக்கரத்தைக் கழற்றி மாட்டி முடித்துவிட்டான்.

"ரெடி சார். கண்ண மூடிக்கினு ஓட்டுங்க."

கடைக்கு முன்னால் பழைய மெட்ராஸ் ரோட்டில் லாரிகள் இடைவெளி இல்லாமல் பாய்கின்றன.

"பின்னாடி ஏறு. சிக்னல் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்."

"எதுக்கு சார்? நம்ம வேலைக்கு கேரண்டி."

"அப்ப பயமில்லாம ஏறு."

சிரித்துக்கொண்டே காலைத் தூக்கியவன் லாரிகளைப் பார்க்கிறான். காலை இறக்குகிறான். பாட்டை நிறுத்திவிட்டு, குந்தி உட்கார்ந்து முன்சக்கர நட்டில் ஸ்பேனரை வைக்கிறான். நட்டு சுற்றுகிறது. இன்னும் சுற்றுகிறது.

இறுக்கி முடித்து எழுந்தவன் கேட்கிறான்: "சார், இன்னொரு ஹெல்மெட் இருக்குதா?"