வீராணத்திலிருந்து திரும்பிய கார்

தை பிறந்த வாரம். காலை ஏழு மணிக்குக் கும்பகோணத்திலிருந்து கிளம்பினோம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த நானும் என் கணவர் ரகுவும். வாடகைக் காரை ஓட்டியவர் செல்வம், முப்பது வயதிருக்கும். தாராசுரத்தில் கல்லில் செதுக்கிய தேர்ச்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, அணைக்கரைப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடந்தோம். குறுகலான பாலம், ஒரு பக்கத்து வண்டிகள் வந்து முடிந்த பிறகே மறுபக்கத்தை விடுகிறார்கள். வழியெங்கும் சம்பா முற்றித் தலை சாய்ந்திருந்தது. புது மாடி வீடுகளின் வாசலில் அறுவடை இயந்திரங்கள் காத்து நின்றன.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் புல்வெளியில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். மதியம் வீராணம் ஏரிக்கரையில் ஏறினோம். கடல்போல் தண்ணீர். கரையோரக் கடையில் டீ பன்னிரண்டு ரூபாய். கிளாஸைக் கையில் வாங்கும்போதே செல்வத்தின் போன் அடித்தது.

பேசி முடித்தவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வீட்டுல வலி வந்திருச்சாம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. இன்னும் பத்து நாள் ஆகும்னுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க."

"கிளம்புங்க, போகலாம்" என்றார் ரகு.

"நீங்க ஏரியை இன்னும் பாக்கவே இல்லையே சார்."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

செல்வத்தால் சாவியைத் திருப்ப முடியவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டுக் கையை எடுத்துவிட்டார். "போன தடவை குழந்தை தங்கலைங்க" என்றார், எங்களைப் பார்க்காமல்.

ரகுவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் சாவியை வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து செல்வம் வழி சொன்னார். "லெப்ட்ல எடுங்கம்மா. மாடு வருது, மெதுவா." சொல்லச் சொல்ல அவர் குரல் நிதானத்துக்கு வந்தது.

அணைக்கரையில் நிறுத்திவிட்டார்கள். ரகு இறங்கிப் போய்க் காவலரிடம் விஷயத்தைச் சொன்னார். "எதிர்ல பஸ் ஏறிடுச்சு சார். அது வந்ததும் உங்களைத்தான் முதல்ல விடுவேன்" என்றார் அவர். செல்வம் தன் மாமியாருக்கு மூன்று முறை போன் அடித்தும் யாரும் எடுக்கவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்தார். "தண்ணி நல்லா போகுது" என்றார். ஏதாவது பேச வேண்டியிருந்தது அவருக்கு.

கும்பகோணத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே மாமியார் நின்றிருந்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." செல்வம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா என் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தார். "நீங்களா ஓட்டிக்கிட்டு வந்தீங்க? உள்ள வாங்க, வந்து புள்ளையைப் பாருங்க."

ஊருக்குத் திரும்பிய பிறகு, வீராணம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பெரிய ஏரி என்றேன். தலை நிறைய முடியோடு, யாரையும் பொருட்படுத்தாமல் வீறிட்டு அழுத அந்தக் குழந்தையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.