இருபது வரிசைக்கு அப்பால்

ஜெகதளா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் காவலாக இருந்தவர் அவர். கொழுந்து பறிக்கும் பெண்களின் அருகே காட்டெருமை வராமல் பார்த்துக்கொள்வது வேலை. காதை மூடிய கம்பளித் தொப்பி, கழுத்தில் விசில். காட்டெருமைக்கும் பெண்களுக்கும் நடுவே எத்தனை செடி வரிசை என்று விரல் நீட்டி எண்ணிவிட்டுத்தான் எப்போதும் உட்காருவார்.

எதிர்ச்சரிவிலிருந்து நீள லென்ஸில் நான் எடுத்த படம் ஊரெல்லாம் போனில் பரவியது. தூரத்தில் இருப்பதை அந்த லென்ஸ் முன்னால் இழுத்து ஒட்டிவிடும். படத்தில் காட்டெருமை பெண்களின் முதுகை முகர்வதுபோல் நின்றது. அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதம் போனபோது கொழுந்து மூட்டை சுமந்துகொண்டிருந்தார். மூட்டையை இறக்காமலே நின்றார்.

"அது இருவது வரிசைக்கு அந்தப்பக்கம் மேஞ்சுட்டிருந்துச்சுங்க. நான் தூங்கிட்டேன்னு மானேஜர் காவல்ல இருந்து எடுத்துட்டாருங்க."

"அது லென்ஸ் பண்ற வேலைங்க. நான் ஆபீஸ்ல வந்து சொல்றேன்."

"நானும் சொன்னேனுங்க. போட்டோ பொய் சொல்லுமாங்கறாரு." மூட்டையைத் தோள் மாற்றினார். "ஒருக்கா பக்கத்துல வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமுங்க. நீங்களும் வரல, அவரும் வரல."

நேராக ஆபீசுக்குப் போனேன். மானேஜர் பொறுமையாகவே கேட்டார். கேட்டுவிட்டு, பங்களா சுவரில் மாட்ட அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்றார்.

ஜன்னலுக்கு வெளியே அவர் அடுத்த மூட்டையோடு மேடு ஏறிக்கொண்டிருந்தார்.